தருண்குமாருக்கு இன்னும் இருக்கிறதா?

ஆமத்தூர் சீனிவாசகத்தின் மகன் தருண்குமாருக்கு டவுன் சிண்ட்ரோம் இன்னும் இருக்கிறதா என்று திடீரென்று ஒரு சந்தேகம் வந்தது. சந்தேகம் சீனிவாசகத்துக்கு வரவில்லை. அவன் சம்சாரம் பாண்டிமீனாவுக்கும் வரவில்லை. பிரசவம் பார்த்த டாக்டர், தெருக்காரர்கள், பஸ் கண்டக்டர், பெட்டிக்கடைக்காரர் யாருக்கும் வரவில்லை. சூலக்கரையில் இருந்த சிறப்புக் குழந்தைகள் நலன் மீளாய்வுப் பிரிவுக்கு வந்தது. அரசாங்கத்துக்கு ஒரு சந்தேகம் வந்தால் தீர்த்துவைக்க வேண்டியது நம் பொறுப்பு. பிரிவு முதல் வேலையாக அவனுக்கு மாதாமாதம் வந்துகொண்டிருந்த உதவித்தொகையை நிறுத்தியது. பிறகு, 'குறைபாடு தொடர்வதைக் குழந்தையுடன் நேரில் வந்து மெய்ப்பிக்கவும்' என்று கடுதாசி போட்டது.

சீனிவாசகம் சிவகாசியில் ஓர் ஆப்செட் பிரஸ்ஸில் மிஷின்மேன். மிஷினிலிருந்து வந்த தாளைப் பார்ப்பதுபோலவே அந்தக் கடுதாசியையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தான். அச்சு சுத்தமாக இருந்தது. விஷயம்தான் விளங்கவில்லை.

"என்ன மீனா இது? பிறந்ததுல இருந்து இருக்கிறது இப்பப் போயிருமாக்கும்? இது என்ன சளி காய்ச்சலா?"

"அவுகளுக்குச் சந்தேகமா இருக்குல்ல. கூட்டிட்டுப் போயிக் காட்டிட்டு வந்துருவோம். பாத்தாத் தெரிஞ்சிரப்போவுது" என்றாள் பாண்டிமீனா. பார்த்தால் தெரிந்துவிடும் என்று நம்புகிற ஜனங்கள் இன்னும் நம் பக்கத்தில் இருக்கத்தான் செய்கிறார்கள்.

அவள் சாதாரணமாகச் சொல்லிவிட்டாள். சீனிவாசகம் கடுதாசியை மறுபடியும் முதலிலிருந்து படித்தான். கல்யாணமான புதிதில் அவள் அச்சங்குளத்தில் ஒரு வெடிக் கம்பெனிக்குத் திரி சொருகப் போய்க்கொண்டிருந்தாள். ஒருநாள் அவள் தண்ணீர் குடிக்கப் போன நேரம், அவள் உட்கார்ந்திருந்த அறைக்குப் பக்கத்து அறை கூரையோடு கிளம்பிப் போய்விட்டது. அதற்கப்புறமும் அவள் போனாள். வேறு வழியில்லை. தருணுக்கு இந்த உதவித்தொகை வரத் தொடங்கிய பிறகுதான் நின்றாள். அவனைத் தினமும் விருதுநகரில் சிறப்புப் பள்ளிக்கு அழைத்துக்கொண்டு போவதும் கூட்டி வருவதும்தான் இப்போது அவள் வேலை. தொகை ஒரேயடியாக நின்றால் பள்ளிக்கூடமும் நிற்கும், அவள் மறுபடியும் கம்பெனி வேனில் ஏற வேண்டும். தீபாவளி முடிந்து அடைத்திருந்த கம்பெனியைச் சீக்கிரம் பூஜை போட்டுத் திறக்கப்போகிறார்கள் என்றும், வேன் தெருவுக்கே வரும் என்றும் போர்மேன் ஏற்கெனவே சொல்லி அனுப்பியிருந்தார். அந்த வேனை நினைத்தால் சீனிவாசகத்துக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்று பேரும் சூலக்கரைக்குப் போனார்கள். மீளாய்வுப் பிரிவு ஒரு கட்டடத்தின் மாடியில் இருந்தது. சக்கர நாற்காலிக்கான சாய்தளம் வாசலோடு நின்றுவிட்டிருந்தது. அதற்குமேல் படியேறி வந்து சேர்கிறவர்களுக்குக் குறைபாடு அவ்வளவாக இல்லை என்று பிரிவு எடுத்துக்கொள்ளும். தருண் படியேற நேரம் பிடிக்கும். கால் வலி ஒன்றும் இல்லை. எதிரே இறங்கி வருகிற ஒவ்வொருவரிடமும் நின்று "சாப்பிட்டீகளா?" என்று விசாரித்துப் பதில் வாங்கிக்கொண்டுதான் அவன் அடுத்த படியில் கால் வைப்பான்.

பிரிவின் அதிகாரி லட்சுமிகாந்தம் தங்கமான மனிதர். குரலை உயர்த்த மாட்டார். யாரையும் நிற்கவைத்துப் பேச மாட்டார். உட்காரவைத்து, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, பொறுமையாக விளக்கம் சொல்லித்தான் வெறுங்கையோடு அனுப்புவார்.

"சாப்பிட்டீகளா?" என்றான் தருண்.

"ஆச்சு தம்பி" என்றவர், உடனே ஏதோ குறித்துக்கொண்டார். பிறகு சீனிவாசகத்தைப் பார்த்தார். "பையனுக்கு ஒரு குரோமோசோம் கூடுதல்னு பழைய சர்டிபிகேட்ல இருக்கு. மத்தவங்களுக்கு ரெண்டு இருக்கிற இடத்துல இவருக்கு மூணு. சரிதானே?"

"ஆமா சார்."

"நம்ம பிரிவு குறைபாடு உள்ளவங்களுக்கு. கூடுதலா இருக்கிறதைக் குறைபாடுன்னு எப்படி எழுதினாங்கன்னு எனக்கு முன்னாடி இருந்த ஆபீசர் யாருமே யோசிக்கலை பாருங்க. நான் யோசிச்சேன். அதான் கடிதம்."

பாண்டிமீனாதான் பேசினாள். "அய்யா, அது கூடுனதாலதான் இவனுக்கு எல்லாமே பிந்துது. நடக்கப் பிந்துச்சு, பேசப் பிந்துச்சு..."

"அதைத்தாம்மா பாக்கணும்கிறேன். அந்தக் கூடுதல் இப்பவும் இருக்கா, வளர வளரக் கழிஞ்சிருச்சா?"

"அது கழியாதுன்னு டாக்டர் சொன்னாகளே."

"எழுத்துல குடுத்தாங்களா?" லட்சுமிகாந்தம் வருத்தத்தோடு தலையை ஆட்டினார். "குடுக்க மாட்டாங்க. நீங்க மனசு கஷ்டப்படக் கூடாது. தகுதியுள்ள ஒரு குழந்தைகூட விட்டுப்போகக் கூடாதுங்கிறதுதான் நம்ம கொள்கை. அதனாலதான் முதல்ல எல்லாரையும் நிறுத்திட்டோம். எல்லாரும் வெளியில நின்னாத்தானே யார் யாரை உள்ளே சேக்கணும்னு தெரியும்?"

இந்த யோசனைக்காக அவருக்கு ஒரு கேடயம் கிடைத்திருந்தது. அலமாரிமேல் பளபளவென்று நின்றது.

இதற்குமேல் ஒன்றும் நடக்காமலிருந்தால் டாக்டரிடம் ஒரு கையெழுத்து வாங்கி வந்து நீட்டியதோடு காரியம் முடிந்திருக்கும். ஆனால் அலமாரிக்குக் கீழே சில பட்டாசுப் பெட்டிகள் இருந்தன. தீபாவளிக்கு யாரோ அன்பினால் வைத்துவிட்டுப் போனவை. அந்த ஆபீசில் யாரும் எதையும் வாங்குகிற வழக்கம் இல்லை. வைத்துவிட்டுப் போனதை எடுத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். மேலே இருந்தது கம்பி மத்தாப்புப் பெட்டி. தருண் அதைப் பார்த்தான். கண்கள் விரிந்தன. ஓடிப்போய்ப் பெட்டியைக் கட்டிக்கொண்டு, "நானு! தருணு! நானு!" என்று கத்தினான்.

பெட்டியில் இருந்தது அவன்தான். நீல வானம், நட்சத்திரம், கையில் பொறி பறக்கும் மத்தாப்பு, கண் இரண்டும் கன்னத்துக்குள் ஒளிந்துகொள்கிற சிரிப்பு.

இந்த இடத்தில் வேறு ஊர்த் தகப்பன் என்றால் 'சும்மா இருலே' என்று பிள்ளையை இழுத்துக்கொண்டிருப்பான். சிவகாசி மிஷின்மேனால் அது முடியாது. தான் அடித்த தாள் ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் அவனுக்கு இடம், பொருள் எதுவும் ஞாபகம் இருக்காது. சீனிவாசகம் எழுந்துபோய்ப் பெட்டியைக் கையில் எடுத்தான்.

"நம்ம பிரஸ்ல அடிச்சது சார்! நானே ஓட்டுனது! இந்தக் கன்னத்துச் செவப்பு ஏறவே மாட்டேன்னுருச்சு சார். மஜந்தாவைக் கூட்டுனா உதடு கருக்குது, குறைச்சா பிள்ளை சோகை புடிச்ச மாதிரி இருக்கான். அரை நாள் மல்லுக்கட்டி நிறுத்துனேன். தொட்டுப் பாருங்க, ஒரு மயிரிழை கலர் விலகியிருக்கா?"

லட்சுமிகாந்தம் தொட்டுப் பார்த்தார். கலர் விலகவில்லை. பெட்டியையும் பையனையும் மாறி மாறிப் பார்த்தவர், பேனாவை மூடினார்.

"அப்போ பையன் பட்டாசுத் தொழில்ல இருக்காரு" என்றார்.

உண்மையில் நடந்தது இதுதான். சிவகாசி லேபிள்களில் எந்தக் காலத்திலும் குழந்தைகள் சிரித்துக்கொண்டுதான் இருப்பார்கள். பெரும்பாலும் நெட்டில் கிடைத்த வெள்ளைக்காரக் குழந்தைகள். கம்பளிச் சட்டையும் குல்லாவும் போட்டுக்கொண்டு, நம் ஊர் வெயிலில் சங்குசக்கரத்துக்குப் பக்கத்தில் நிற்பார்கள். இந்த வருஷம் அப்படி ஒரு குழந்தையின் படத்துக்கு உரிமைக்காரன் எங்கிருந்தோ முளைத்து வக்கீல் நோட்டீஸ் அனுப்பிவிட்டான். பிரஸ் முதலாளி ஹரிபிரசாத் பயந்துபோய், "ஏப்பா, உள்ளூர்ல ஒரு சிரிச்ச மூஞ்சி கிடைக்காதா?" என்று கேட்டார். சீனிவாசகம் போனில் இருந்த மகன் படத்தைக் காட்டினான். மாமன் வீட்டுக் கல்யாணத்தில் கேசரி தின்றுகொண்டிருந்தபோது எடுத்தது. முதலாளிக்குச் சிரிப்பு பிடித்துப்போயிற்று. டிசைனர் தருணின் கையில் இருந்த ஸ்பூனை அழித்துவிட்டு, அந்த இடத்தில் மத்தாப்பை வைத்தான். சீசன் முழுக்க லோடு லோடாகத் தருண் வடக்கே போனான். தகப்பனுக்கு அது போதுமாக இருந்தது. கூலி ஒன்றும் கேட்கவில்லை, கேட்கவும் தோன்றவில்லை.

நிஜத்தில் தருணுக்குப் பட்டாசு என்றாலே ஆகாது. ஊசிவெடி வெடித்தாலும் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடுவான். இதை எல்லாம் சீனிவாசகம் எடுத்துச் சொன்னான். லட்சுமிகாந்தம் பொறுமையாகக் கேட்டார்.

"வேலை செய்ய முடியாதுங்கிறவங்களுக்குத்தான் உதவித்தொகை. வேலையில இருக்கிறவருக்கு எப்படிக் குடுக்கிறது? நீங்களே சொல்லுங்க. விசாரணைக்கு எழுதிடுறேன். பெட்டியை மட்டும் வச்சுட்டுப் போங்க, ஆவணம்."

தருண் பெட்டியை விடாமல் அழுதான். படியிறங்கும்போது யாரையும் சாப்பிட்டீகளா என்று கேட்கவில்லை.

விசாரணைக்கு ஆமத்தூருக்கே வந்தார் ரத்தினசாமி. குழந்தைத் தொழிலாளர் ஒழிப்புக்கு என்று தனியாக ஓர் ஆய்வாளர் வேண்டுமல்லவா, அவர்தான். ஜீப்பை விட்டு இறங்கும்போதே முகம் சிவந்திருந்தது.

"என்னய்யா பண்ணி வச்சிருக்கீங்க? என் எல்லையில குழந்தைத் தொழிலாளர் ஒருத்தர்கூடக் கிடையாதுன்னு வருஷா வருஷம் எழுதிக் குடுக்கிற ஆளு நான். நீங்க என்னடான்னா பெட்டிக்குப் பெட்டி போட்டோ போட்டு வித்துக்கிட்டு இருக்கீங்க!"

"அய்யா, அது படம்" என்றான் சீனிவாசகம்.

"எத்தனை கம்பெனிக்கு ஆய்வுக்குப் போயிருக்கேன் தெரியுமா? ஒரு குழந்தையைக் கண்ணால பாத்ததில்லை. ஏன்? போன் பண்ணிட்டுத்தான் போவேன். திடீர்னு போய் நின்னா மரியாதையா இருக்காது பாருங்க. அப்படி மரியாதையா நடத்திக்கிட்டு வந்த டிபார்ட்மெண்ட் இது."

வீட்டைச் சுற்றிப் பார்த்தார். அரிசிப் பானைக்குள் எட்டிப் பார்த்தார். மத்தாப்பு எங்கே என்றார். மத்தாப்பு இல்லை, அது ஸ்பூன் என்றார்கள். ஸ்பூன் எங்கே என்றார். பாண்டிமீனா அடுக்களைக்குப் போய் இருக்கிற ஸ்பூனை எல்லாம் அள்ளிக்கொண்டு வந்து முன்னால் வைத்தாள்.

"இதுல எது?"

"அது கல்யாண வீட்டு ஸ்பூனுய்யா. அங்கனயே வச்சிட்டு வந்துட்டோம்."

"ஆக, மூலப்பொருள் மறைக்கப்பட்டிருக்கிறது" என்று சொல்லிக்கொண்டே எழுதினார். "சரி, ஸ்பூனை மத்தாப்பா மாத்தினது எங்க?"

"பிரஸ்ல, கம்ப்யூட்டர்ல."

"லைசென்ஸ் இல்லாத இடத்துல மத்தாப்புத் தயாரிப்பு" என்று அதையும் எழுதினார்.

அப்போது பின்தெருவில் யாரோ மிச்சமிருந்த ஓலைவெடி ஒன்றைக் கொளுத்திப் போட்டார்கள். அவ்வளவுதான். தருண் ஒரே பாய்ச்சலில் வந்து ரத்தினசாமியின் மடியில் தலையைப் புதைத்துக்கொண்டு நடுங்கினான். அவர் திகைத்துப்போனார். என்ன செய்வதென்று தெரியாமல் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அவன் முதுகைத் தடவிக் கொடுத்தார். "ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்ல" என்றார். ரொம்ப நேரம் தடவினார். அவருக்கும் பிள்ளைகள் இருக்கும்போல.

ஜீப்பில் ஏறுவதற்கு முன் சீனிவாசகத்தைத் தனியாகக் கூப்பிட்டார். "இங்க பாருங்க. இந்தப் பையனால வேலை செய்ய முடியாதுன்னு ஆனாத்தான் என் எல்லையில குழந்தைத் தொழிலாளர் இல்லைன்னு ஆகும். அதனால நான் உங்க பக்கம்தான். முடிவு சொல்ற போர்டுல நானும் ஒரு ஆளு, அங்க பாத்துக்கலாம்."

போர்டு கூடுகிற நாளுக்குள் பாண்டிமீனா போர்மேனிடம் சரி என்று சொல்லிவிட்டிருந்தாள். சீனிவாசகம் அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் கை வைக்கவில்லை.

"போகாத மீனா. நான் ரெண்டு ஷிப்ட் பாக்குறேன்."

"ரெண்டு ஷிப்ட் பாத்தா இவனப் பள்ளிக்கொடத்துக்கு யாரு கூட்டிட்டுப் போறது? பேசாமச் சாப்பிடுங்க. போர்டுல குடுத்துட்டாகன்னா நான் ஏன் போறேன்?"

போர்டில் மூன்று பேர். தலைவர் லட்சுமிகாந்தம், உறுப்பினர் ரத்தினசாமி, மருத்துவ உறுப்பினர் டாக்டர் தஹ்மீனா. இந்த டாக்டர் சின்ன வயசுப் பெண். குழந்தைகளின் அறிவை அளக்கிற நிபுணரின் வேலை காலியாகவே கிடந்ததால், அந்த அளக்கிற பெட்டியையும் அவர் தலையில் கட்டியிருந்தார்கள். பாதுகாவலர் ஒருவருக்கு மட்டுமே அனுமதி என்று கதவில் ஒட்டியிருந்தது. "நீங்களே போங்க. நான் வந்தா எதாச்சும் பேசிப்புடுவேன்" என்று பாண்டிமீனா வராந்தாவில் உட்கார்ந்துவிட்டாள்.

உள்ளே போனதும் தருண் மூன்று பேரையும் சாப்பிட்டீகளா என்று கேட்டான். டாக்டர் மட்டும், "நான் இன்னும் சாப்பிடலையே" என்றார். தருணுக்கு அது பெரிய கவலையாகிவிட்டது. அவர் பக்கத்திலேயே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். டாக்டர் அவன் சட்டையைத் திறந்து நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார். பிறகு அளக்கிற பெட்டியைத் திறந்தார். அது எந்தத் தேசத்துச் சரக்கோ, உள்ளே படங்களாக இருந்தன.

முதல் படத்தில் பனிக்கட்டியை உருட்டிச் செய்த ஒரு பொம்மை நின்றது. "இது என்ன தருண்?"

"கொழுக்கட்டை" என்றான் தருண். விரல் வைத்து எண்ணிவிட்டு, "ரெண்டு" என்றான்.

லட்சுமிகாந்தம் எட்டிப் பார்த்தார். அவருக்கும் கொழுக்கட்டையாகத்தான் தெரிந்தது. ஆனாலும் விடைத்தாளில் பனிமனிதன் என்று இருந்ததால், தவறு.

அடுத்த படத்தில் ஒரு வீடு, வீட்டுக்குள்ளேயே சுவரோரமாக நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. "இங்கே என்ன செய்வாங்க?"

தருண் படத்தைப் பார்த்தான். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, ஒரு கையால் டாக்டரையும் ஒரு கையால் லட்சுமிகாந்தத்தையும் பிடித்து இழுத்தான். "ஓடு! ஓடு! வெளிய ஓடு!" அறைக்குள் நெருப்பைப் பார்த்தால் என்ன செய்ய வேண்டும் என்று பாண்டிமீனா பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம் அது. எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு தாயும் சொல்லிக் கொடுப்பாள். விடைத்தாளில் 'குளிர் காய்வார்கள்' என்று இருந்தது. தவறு.

பிள்ளை தப்பாகச் சொல்லச் சொல்ல, சீனிவாசகத்தின் வயிற்றில் பால் வார்த்ததுபோல இருந்தது. பெற்ற பிள்ளை தோற்பதைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறோமே என்று கேவலமாகவும் இருந்தது. அந்த அறையில் அவனால் தலைநிமிர்ந்து உட்கார முடியவில்லை.

கடைசியாக லட்சுமிகாந்தம் தானே கேள்விகளைப் படித்தார். "தானாகச் சாப்பிடுவாரா?"

"சிந்திக்கிட்டுச் சாப்பிடுவான் சார்."

"தானாகச் சட்டைப் பொத்தானை முறையாகப் போட்டுக்கொள்வாரா?"

"இல்லை சார். அது மட்டும் வரவே மாட்டேங்குது. இவுக அம்மா தலையணை உறையில பெரிய பொத்தானாத் தச்சு வச்சு, தினமும் சொல்லிக் குடுக்கா. விரல் பூ மாதிரி இருக்கா, பொத்தான் நிக்க மாட்டேங்குது. அவனுக்கும் கோவம் வந்துருது, அவளுக்கும் அழுகை வந்துருது."

"நல்லது" என்று சொல்லி லட்சுமிகாந்தம் 'இல்லை' என்று எழுதினார். அதுதான் கடைசிக் கேள்வி. காரியம் கனிந்து வந்த மாதிரி இருந்தது.

அப்புறம் இரண்டு அதிகாரிகளும் ஸ்பூன் விஷயத்தை எடுத்துக்கொண்டார்கள். "ஸ்பூன் அபாயகரமான பொருள்கள் பட்டியல்ல இல்லை. ஆகையினால பையன் தொழிலாளி இல்லை" என்றார் ரத்தினசாமி. "பெட்டியில மத்தாப்புல்ல இருக்கு?" என்றார் லட்சுமிகாந்தம். "அது பிற்சேர்க்கை" என்றார் ரத்தினசாமி. பிற்சேர்க்கையை ஏற்கலாமா என்று பேச்சு நீண்டது. ஏசி குளிராக இருந்தது.

சீனிவாசகம் எதேச்சையாக மகனைப் பார்த்தான். டாக்டர் திறந்துவிட்ட சட்டை அப்படியே கிடந்ததால் தருணுக்குக் குளிர்ந்திருக்கிறது. குனிந்து, நாக்கை ஓரமாகத் துருத்திக்கொண்டு, ஒரு பொத்தானைப் பிடித்திருந்தான். அது நழுவியது. மறுபடி பிடித்தான். ஓட்டையில் பாதி போனது. கட்டைவிரலால் தள்ளினான். முழுதாகப் போனது. அடுத்ததற்கு விரல் நகர்ந்தது.

சீனிவாசகம் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டான். நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் பிள்ளையை மறைத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அது அவனுக்குத் தோன்றக்கூட இல்லை. கடைசி ஓட்டைக்குள்ளும் ஒரு பொத்தான் போனபோது அவன் கதவைத் திறந்துகொண்டு வராந்தாவில் நின்று கத்தினான்.

"ஏ மீனா! போட்டுட்டான்! மீனா, போட்டுட்டான்! ஓடியா!"

பாண்டிமீனா அனுமதியைப் பற்றிக் கவலைப்படாமல் உள்ளே ஓடிவந்தாள். மகனைப் பார்த்தாள். தருண் நெஞ்சில் கையை வைத்து, "நானு" என்றான். அவள் அவன் தலையைப் பிடித்து இடுப்போடு அணைத்துக்கொண்டு, அத்தனை பேர் முன்னாலும் வாய்விட்டு அழுதாள். டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

லட்சுமிகாந்தம் தொண்டையைச் செருமினார். 'இல்லை' என்று எழுதிய இடத்தில் விரலை வைத்திருந்தார். "சீனிவாசகம், நிதானமா யோசிச்சுச் சொல்லுங்க. நீங்க போட்டு விட்டதா இருந்தா அப்படியே சொல்லிடலாம். தப்பில்லை. நாங்க பேசிக்கிட்டிருந்தோம், யாரும் பாக்கலை."

நல்ல மனிதர், வழியைத் திறந்துதான் விட்டார். 'நாந்தான் போட்டேன்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வேன், திரி, கூரையோடு போன அறை எல்லாம் சீனிவாசகத்தின் கண் முன்னால் வந்தது. மீனாவைப் பார்த்தான். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தருண் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவனேதான் சார் போட்டான். நான் தொடக்கூட இல்லை" என்றான் சீனிவாசகம்.

லட்சுமிகாந்தம் பெருமூச்சோடு பேனாவைத் திறந்தார். அப்போது டாக்டர் தஹ்மீனா, "சார், ஒரு நிமிஷம்" என்றார். "முதல் பொத்தானை ரெண்டாவது ஓட்டையில போட்டிருக்கான். எல்லாமே ஒண்ணு தள்ளி இருக்கு."

இரண்டு அதிகாரிகளும் எழுந்து வந்து பார்த்தார்கள். ஒரு பக்கக் கழுத்துப்பட்டி காதுக்குக் கீழே ஏறி நின்றது. சட்டையின் கீழ்நுனியில் ஒரு பொத்தான் ஓட்டையில்லாமல் தொங்கியது.

"எல்லாம் மாட்டித்தானே இருக்கு?" என்றார் ரத்தினசாமி, தான் எந்தப் பக்கம் என்பதை மறந்து.

"மாட்டியிருக்கு. ஆனா ஒண்ணுகூட அதுக்கு ஒதுக்கின இடத்துல இல்லையே" என்றார் லட்சுமிகாந்தம்.

"அப்படிப் பாத்தா நம்ம ஆபீசுல பாதிப் பேரு அப்படித்தானே சார் இருக்கோம். நானே மீன்வளத்துறையில இருந்து வந்தவன்" என்றார் ரத்தினசாமி.

"அதனாலதான் சொல்றேன். அது முறையா வேலை செய்றதுன்னு ஆகாது" என்று லட்சுமிகாந்தம் முடித்துவைத்தார். 'முறையாக' என்ற சொல்லின் கீழ் ஒரு கோடு இழுத்தார். 'இல்லை' அப்படியே நின்றது. பையன் தொழிலாளி இல்லை என்று ரத்தினசாமி கையெழுத்துப் போட்டார். கூடுதல் குரோமோசோம் கழியவில்லை, கழியவும் கழியாது என்று டாக்டர் எழுத்தில் கொடுத்தார். உதவித்தொகை ஓராண்டுக்கு, அல்லது பயனாளி முறையாகப் பொத்தான் போடும்வரை, இதில் எது முந்தியதோ அதுவரை வழங்கப்படும் என்று உத்தரவு கையில் கிடைத்தது.

வாசல்வரை வந்து வழியனுப்பினார் லட்சுமிகாந்தம். தருணின் தோளில் கை போட்டுக்கொண்டு, சொந்தக்காரர் மாதிரி தணிந்த குரலில் சொன்னார். "அடுத்த வருஷமும் இதே கேள்விதான் கேப்போம். என் அனுபவத்துல சொல்றேன், பையனை ரொம்ப முன்னேற விட்டுடாதீங்க. அப்புறம் உங்களுக்குத்தான் கஷ்டம்."

"சரிங்க சார்" என்று கும்பிட்டான் சீனிவாசகம்.

அடுத்த வாரம் கம்பெனியைப் பூஜை போட்டுத் திறந்தார்கள். வேன் தெருமுனையில் வந்து நின்று ஆரன் அடித்தது. பாண்டிமீனா வாசலில் தருணின் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தாள். திரும்பிப் பார்க்காமலே கையைத் தூக்கி, வரவில்லை என்று ஆட்டினாள். வேன் போய்விட்டது.

"மேல இருந்து வராத ராசா. கீழ இருந்து வா. அடியில ரெண்டு பக்கமும் சேத்துப் பிடி. ஆங், அதேதான். இப்பத் தள்ளு."

பிரஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த சீனிவாசகம் நின்றான்.

"ஏ மீனா, முறையாப் போடப் படிச்சிட்டான்னா நிறுத்திருவாகல்ல."

"தெரியும்."

"மறுபடியும் வேன் வரும்."

"வரட்டும்" என்றாள். ஒருதரம் வேன் போன பக்கம் திரும்பிப் பார்த்தாள். "அதுக்காக எம்புள்ளையக் கோணச் சட்டையோடயா வச்சிருக்கச் சொல்லுறீக?"

சோற்றுத் தூக்கைக் கீழே வைத்துவிட்டுச் சீனிவாசகமும் பக்கத்தில் வந்து குந்தினான். தருண் நாக்கைத் துருத்திக்கொண்டு ஒவ்வொன்றாக மேலே ஏறி வந்தான். கடைசியாகக் கழுத்துக்குக் கீழே ஒரு பொத்தானும் ஓர் ஓட்டையும் மிச்சமிருந்தன. அதைப் பிடித்து, கட்டைவிரலால் தள்ளினான். சட்டை நேராக நின்றது.